சைனஸ் அழற்சியும் ஒவ்வாமையும்: வேறுபாடறியும் முறை

"எனக்குச் சைனஸ் இருக்கிறது" என்று கூறுவோரை இன்று எங்கும் காண்கிறோம். சொல்லளவில் இக்கூற்றில் பிழை யாதுமில்லை. சைனஸ் இல்லாத மனிதர் மிக அரியர். சைனஸ் என்பது ஒரு நோயின் பெயரன்று. மூக்கைச் சூழ்ந்துள்ள முக எலும்புகளினுள்ளே அமைந்த காற்றறைகளுக்கு உடற்கூற்று நூலார் இட்ட பெயர் அது. குடா, மடிப்பு, வளைவு என்பன லத்தீன் மொழியில் அச்சொல்லின் பொருள்கள். அவ்வறைகள் அழற்சியுறும்போது உண்டாவதே நோய். நம் முன்னோர் பீனிசம் என்னும் ஒரு சொல்லால் மூக்கின் நோய்கள் பலவற்றையும் சுட்டினர். இன்று கற்றோரும் சைனஸ் என்னும் ஒரு சொல்லால் அதையே செய்கின்றனர். மருத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்ப்போருக்கு இச்சொல் தரும் இடர்ப்பாடு சிறிதன்று.

சொல் மயங்குவதோடு நின்றிருந்தால் கேடில்லை. ஆனால் பெயர் மயங்கும்போது மருந்தும் மயங்குகிறது. ஒவ்வாமையால் தும்முகின்ற ஒருவர், தமக்குச் சைனஸ் அழற்சி எனத் தாமே தீர்மானித்துக்கொண்டு, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கிருமிக்கொல்லி மாத்திரைகளை விழுங்குகின்றார். அவை அவருக்கு ஒரு பயனும் தருவதில்லை. அவர் உடலிலுள்ள பாக்டீரியாக்களை அம்மருந்துக்குப் பழக்கி வைப்பதே கண்ட பலன். மற்றொருவர் உண்மையாகவே சைனஸில் சீழ் கோத்து வருந்துகையில், "வெறும் அலர்ஜிதான்" என்று வாளாவிருந்து, கண்ணுக்கோ மூளைக்கோ நோய் பரவும் வரை காத்திருக்கின்றார். ஆதலின் இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை ஒவ்வொருவரும் ஓரளவேனும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

அறைகளின் அமைப்பு

இக்காற்றறைகள் நான்கு இணைகளாக அமைந்துள்ளன. கன்னங்களின் உள்ளே மேல்தாடை எலும்பில் ஓர் இணை. புருவங்களுக்கு மேலே நெற்றி எலும்பில் ஓர் இணை. இரு கண்களுக்கும் இடையே சல்லடை எலும்பில் தேன்கூடு போன்ற சிற்றறைகள். மூக்கின் பின்கோடியில், மண்டையின் அடித்தளத்தில் ஆப்பெலும்பினுள் ஓர் இணை. இவற்றுள் பெரியது மேல்தாடை அறையே. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறக்குறைய 15 மில்லிலிட்டர் கொள்ளும். பிறந்த குழந்தைக்கு நெற்றியறை உருவாகியிருப்பதில்லை. அது பல ஆண்டுகள் சென்ற பின்னரே தெளிவாக வளர்கிறது. ஆகவே நான்கு வயதுக் குழந்தையின் நெற்றிவலிக்கு நெற்றிச் சைனஸைக் காரணம் கூறுதல் பொருந்தாது.

மேல்தாடை அறையை விரிவாக விளக்கியவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் நதானியல் ஹைமோர். 1651-இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஒரு பெண்மணியின் வரலாற்றைக் குறிப்பிடுகின்றார். அவளுக்குக் கோரைப்பல் ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் துளை ஒன்று விழுந்து, அதன் வழியே நீர் வடிந்துகொண்டேயிருந்தது. அத்துளையில் ஒரு பறவையின் இறகைச் செலுத்திப் பார்த்தாள். அது தடையின்றி நீளமாக உள்ளே செல்லவே, மூளையையே தொட்டுவிட்டதாக எண்ணி நடுங்கினாள். இறகு உண்மையில் கன்னத்தறைக்குள்ளேதான் சுருண்டு கிடந்தது. மேற்பற்களின் வேர்களுக்கும் இவ்வறைக்கும் இடையே உள்ள எலும்பு எத்துணை மெல்லியது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. இன்றும் ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் துர்நாற்றமுள்ள சீழ் வடியுமாயின், மருத்துவர் முதலில் அப்பக்கத்து மேல் கடைவாய்ப் பற்களைச் சோதிப்பது இதனாலேயே.

இவ்வறைகளின் உட்புறத்தை மெல்லிய சளிச்சவ்வு போர்த்தியுள்ளது. சவ்வின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் நெருங்கி நின்று, நெற்பயிர் காற்றில் அலைவது போல, ஒரே திசையில் இடைவிடாது அசைகின்றன. ஒரு விநாடியில் பத்து முறைக்குக் குறையாமல் அசையும். அவற்றின் மேல் சளி ஒரு மெல்லிய விரிப்பாகப் படர்ந்து, தூசியையும் கிருமிகளையும் தன்னில் ஒட்டவைத்துக்கொண்டு, மூக்கை நோக்கி நகர்கின்றது. மேல்தாடை அறையின் வாய்த்துளை அதன் அடியில் இல்லை. உட்சுவரின் உச்சியருகே உள்ளது. அடியில் வடிகுழாய் இல்லாத தொட்டி என்று இதனைக் கூறலாம். எனவே சளி புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறியே வெளிவர வேண்டும். ஆஸ்திரியா நாட்டுக் கிராஸ் நகரில் பணியாற்றிய மெஸ்ஸர்கிளிங்கர் என்பார், நுண்மயிர்கள் எப்பொழுதும் இயற்கையான வாய்த்துளையை நோக்கியே சளியைச் செலுத்துகின்றன என்று காட்டினார். அறையின் அடியில் புதிதாக ஒரு துளையிட்டாலும் சளி அதனைக் கடந்து பழைய வாயிலுக்கே செல்லும். அவ்வாயிலோ சில மில்லிமீட்டர் அகலமே உடையது. அது வீங்கி அடைபட்டால் உள்ளே சளி தேங்கும். தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகும். சைனஸ் அழற்சியின் வரலாறு முழுவதும் இந்தச் சிறு வாயிலில் அடங்கியுள்ளது எனலாம்.

வாயில் அடைபடுவதற்கு மிகப் பொதுவான காரணம் சாதாரண ஜலதோஷமே. வைரஸால் மூக்கு வீங்கும்போது அறைகளும் உடன் வீங்குகின்றன. 1994-இல் அமெரிக்காவில் குவால்ட்னியும் அவர் குழுவினரும், புதிதாக ஜலதோஷம் கண்ட 31 பேரைக் கணிப்பொறி ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 27 பேருக்கு மேல்தாடை அறைகளில் மாறுதல் காணப்பட்டது. இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் படம் எடுக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோருக்குக் கிருமிக்கொல்லி ஏதும் கொடாமலே அம்மாறுதல் மறைந்தோ குறைந்தோ இருந்தது. "படத்தில் சைனஸ் மங்கலாகத் தெரிகிறது" என்ற ஒரு வரியை மட்டும் கொண்டு நோயைத் தீர்மானித்தல் தகாது என்பதற்கு இது தக்க சான்று. வளர்ந்தோருக்கு வரும் ஜலதோஷங்களுள் பாக்டீரியாவால் உண்டாகும் சைனஸ் அழற்சியாக முதிர்பவை நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படுவதில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

ஒவ்வாமையின் இயல்பு

ஒவ்வாமை முற்றிலும் வேறு தன்மையது. இதில் படையெடுத்து வரும் பகைவன் இல்லை. தீங்கற்ற ஒரு பொருளைப் பகைவனெனக் கருதி உடலே போர் தொடுக்கின்றது. 1819-இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், ஒவ்வொரு கோடையிலும் தம் கண்ணும் மூக்கும் படும் பாட்டை மருத்துவச் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். அதன் காரணத்தை அவர் அறியவில்லை. வெயிலே காரணம் என எண்ணினார். மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவரும் இந்நோயால் வருந்தியவரே. அவர் புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலும் தோலிலும் இட்டுச் சோதித்தார். பிசின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றாடிகளில் கட்டிப் பறக்கவிட்டு, வானில் மிதக்கும் மகரந்தத்தைப் பிடித்து எண்ணினார். மகரந்தமே காரணமென 1873-இல் நூலெழுதி நிறுவினார். 1906-இல் வியன்னாவில் பிர்க்கே என்பார் 'அலர்ஜி' என்ற சொல்லைப் படைத்தார். இதற்குக் காரணமான எதிர்ப்பொருளை 1966-67-இல் அமெரிக்காவில் இஷிஸாகா தம்பதியரும், சுவீடனில் ஜோஹான்சன், பென்னிக் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். அதுவே இம்யூனோகுளோபுலின்-ஈ என்பது.

இவ்வெதிர்ப்பொருள் மூக்கின் சவ்விலுள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வாப் பொருள் வந்து தொட்டதும், அவ்வுயிரணுக்கள் தம்முள் அடைத்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலியவற்றைச் சில நிமிடங்களுக்குள் கொட்டிவிடுகின்றன. ஹிஸ்டமின் நரம்பு முனைகளைத் தீண்டுவதால் அரிப்பும் தும்மலும், நாளங்களைத் தளர்த்துவதால் நீர்வடிதலும் தோன்றுகின்றன. சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலையாக மூக்கடைப்பு வருகின்றது. அரிப்பு, ஹிஸ்டமினின் கையெழுத்து என்று நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, மகரந்தம் என்றதும் ரோஜாவையும் மல்லிகையையும் ஐயுறுவோர் அநேகர். அவை பெரும்பாலும் நிரபராதிகள். வண்ணமும் மணமும் உடைய மலர்கள் பூச்சிகளை நம்பி வாழ்வன. அவற்றின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது, காற்றில் நெடுந்தூரம் செல்லாது. கண்ணைக் கவராத பூக்களையுடைய புற்களும் மரங்களுமே காற்றில் தூளைத் தூவுகின்றன. டில்லி நகரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு பருவமும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மற்றொரு பருவமும் மகரந்தம் மிகுந்திருக்கும். குளிர் நீங்கும் வேளையில் பூப்பது, தமிழில் ஆயா மரம் என்றும் வடநாட்டில் சில்பில் என்றும் வழங்கும் மரம். அதனைத் தொடர்ந்து முசுக்கட்டை மரமும், ரிட்ஜ் குன்றுகளை நிறைத்து நிற்கும் விலாயதி கீக்கரும் தூளைப் பரப்புகின்றன. இக்கீக்கர் வேறொன்றுமன்று, நம் பக்கத்தில் சீமைக் கருவேல் எனப் பழி சுமந்து நிற்பதே. தென்னாட்டார் தலைநகரம் சென்றும் அதனிடமிருந்து தப்புவதற்கில்லை!

வீட்டினுள்ளும் ஒவ்வாப் பொருள்கள் உண்டு. மெத்தை தலையணைகளில் வாழும் தூசி உண்ணி, கரப்பான் பூச்சியின் கழிவு, ஈரச்சுவரில் படரும் பூஞ்சணத்தின் வித்துகள், பூனையின் உமிழ்நீரும் தோற்செதிலும் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. உண்ணி ஈரப்பதத்தை விரும்புவது. ஆகவே கடற்கரை நகரங்களில் பருவம் என்ற பேச்சே இன்றி ஆண்டு முழுதும் தும்முவோர் உளர். வடநாட்டில், கோடை முழுதும் பெட்டியில் உறங்கிய ரஜாய்ப் போர்வையைக் குளிர்காலத் தொடக்கத்தில் வெளியே எடுத்து உதறும் நாளன்று வீடு முழுதும் தும்மலொலி கேட்கும்.

இருவரை ஒப்பிடுவோம்

ஓர் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் பணியாற்றும் இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் கைக்குட்டையும் கையுமாக இருக்கின்றனர். இருவரும் தமக்குச் சைனஸ் என்றே கூறுகின்றனர்.

முதலாமவர் காலையில் எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு முறை தொடர்ந்து தும்முகின்றார். மூக்கிலிருந்து வடிவது தெளிந்த நீர். கண்ணும் மேலண்ணமும் காதின் உட்புறமும் அரிக்கின்றன. நாவால் அண்ணத்தைத் தேய்த்துக்கொள்கின்றார். பழைய கோப்புகளைத் தட்டினால் நிலைமை மோசமாகின்றது. வெளியூர் சென்றால் குறைகின்றது. காய்ச்சல் இல்லை. சென்ற ஆண்டும் இதே மாதத்தில் இவ்வாறே இருந்ததாக நினைவு கூர்கின்றார். தாயாருக்கு ஆஸ்துமா உண்டு. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்துள்ளது. மருத்துவர் பார்த்தால் மூக்கின் சவ்வு வெளிறி வீங்கியிருக்கும். இவருடையது ஒவ்வாமை.

இரண்டாமவருக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஜலதோஷம் பிடித்தது. ஐந்தாறு நாட்களில் தேறி வந்தார். பின்னர் திடீரென்று மீண்டும் காய்ச்சல் கண்டது, சளி கெட்டியாயிற்று, ஒரு கன்னத்தில் கனமும் வலியும் ஏற்பட்டன. குனிந்தால் வலி மிகுகின்றது. அப்பக்கத்து மேற்பற்கள் நோகின்றன. காப்பியின் மணம் தெரியவில்லை. இரவில் படுத்தால் சளி தொண்டையில் இறங்கி இருமல் வருகின்றது. அரிப்போ தொடர் தும்மலோ இல்லை. இவருடையது பாக்டீரியாவால் வந்த சைனஸ் அழற்சியாக இருத்தல் கூடும்.

இவ்விரண்டாமவர் வரலாற்றில் கவனிக்கத்தக்கது நாட்கணக்கு. ஜலதோஷக் குறிகள் சிறிதும் தணியாமல் பத்து நாட்களுக்கு மேல் நீடித்தாலும், தேறிய பின் மீண்டும் முற்றினாலும், தொடக்கத்திலேயே 102 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாத காய்ச்சலோடு சீழ்ச்சளியோ முகவலியோ மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்தாலும், பாக்டீரியாவை ஐயுற வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடில் பொறுத்திருத்தலே பெரும்பாலும் போதும். ஒவ்வாமைக்கு இத்தகைய கணக்குப் பொருந்தாது. அது ஒவ்வாப் பொருள் உள்ளவரை இருக்கும். வாரக்கணக்கிலும் நீடிக்கும், ஒரு மணி நேரத்திலும் மறையும்.

சளியின் நிறத்தைப் பற்றி மக்களிடையே வேரூன்றிய ஒரு தவறான எண்ணத்தை இங்கே களைய வேண்டும். பச்சை நிறம் கண்டதும் கிருமிக்கொல்லி வேண்டும் எனப் பலர் கருதுகின்றனர். அந்நிறத்தைத் தருவது பாக்டீரியா அன்று; அழற்சியுற்ற இடத்தில் வந்து குழுமும் வெள்ளணுக்களில் உள்ள, இரும்புச் சத்து கலந்த ஒரு நொதியே. வைரஸ் ஜலதோஷத்திலும் மூன்றாம் நான்காம் நாளில் சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுவது இயல்பு. நிறம் ஒரு துணைச் சான்றாகலாம், தனிச்சான்று ஆகாது.

தலைவலியைக் குறித்தும் அவ்வாறே. 2004-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சைனஸ் தலைவலி எனத் தாமோ மருத்துவரோ முடிவு செய்திருந்த ஏறக்குறைய 3000 பேரைச் சோதித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகையைச் சார்ந்தது. ஒற்றைத் தலைவலியின்போதும் மூக்கு அடைத்து நீர் வடியக்கூடும் என்பதே இம்மயக்கத்துக்குக் காரணம். தலைவலியோடு குமட்டல் வருவதும், வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்க முடியாமையும், சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாட்களிலோ முற்றும் நீங்கிவிடுவதும் ஒற்றைத் தலைவலியின் குறிகள். சீழ்ச்சளி இல்லாத முகவலியைச் சைனஸ் எனக் கூறுமுன் இருமுறை எண்ண வேண்டும்.

இரண்டும் கலந்து வருதல்

உண்மை உலகில் நோய்கள் நூலில் உள்ளபடி தனித்தனியே வருவதில்லை. ஒவ்வாமையால் வீங்கிய சவ்வு வாயில்களைக் குறுக்குவதால், சிலருக்கு அது சைனஸ் அழற்சிக்கு வழி செய்யலாம். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அழற்சியை நாட்பட்டது என்பர். இதில் காய்ச்சலும் கடும் வலியும் பெரும்பாலும் இல்லை. மூக்கடைப்பும், தொண்டையில் இறங்கும் சளியும், மணமறியும் திறன் குன்றுதலுமே குறிகள். சிலருக்கு மூக்கினுள் திராட்சைக் குலை போன்ற சதை வளர்ச்சி காணப்படும். வட இந்தியாவில் பூஞ்சணத்துக்கு எதிரான ஒவ்வாமையால் வரும் சைனஸ் நோயும் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. இத்தகைய நிலையில் அனுமானம் பயன்படாது. மூக்கினுள் நோக்கும் அகநோக்கிக் கருவியும் ஊடுகதிர்ப் படமும் தேவைப்படும்.

ஒவ்வாமையை உறுதி செய்யத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை உதவும். முன்கையில் வெவ்வேறு சாறுகளைத் துளித்துளியாக இட்டு ஊசிமுனையால் மெல்லக் குத்துவர். பதினைந்து இருபது நிமிடங்களில் தடிப்பு எழுந்தால் அப்பொருளுக்கு உடல் எதிர்வினை காட்டுகிறது என்று பொருள். சோதனைக்குச் சில நாட்கள் முன்னரே ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் தடிப்பு எழாது. தடிப்பு எழுந்த பொருளெல்லாம் நோய்க்குக் காரணமாகிவிடா. நோயாளியின் அனுபவத்தோடு பொருந்தினாலன்றி அச்சோதனைக்கு மதிப்பில்லை.

மருந்து வேறுபடுமாறு

ஒவ்வாமைக்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளும், மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் உதவுகின்றன. பின்னதன் முழுப்பயன் தெரியச் சில நாட்கள் ஆகும். இரண்டு நாள் தெளித்துவிட்டுப் பயனில்லை என்று புட்டியை எறிந்துவிடுவோர் பலர். சைனஸ் அழற்சி பாக்டீரியாவால் வந்தது எனத் தெளிந்தால் மட்டுமே கிருமிக்கொல்லி தேவை. அம்மருந்துகளுள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதைக் கட்டுப்படுத்தும் எச்-1 அட்டவணை நம் நாட்டில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் சென்ற முறை மிஞ்சிய மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்து விழுங்குவதை எந்த அட்டவணையும் தடுக்க இயலாது.

மூக்கடைப்பை நொடியில் நீக்கும் சொட்டு மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவை நாளங்களைச் சுருக்கி வழியைத் திறக்கின்றன. நான்கைந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்து இட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்குகின்றது. மீண்டும் சொட்டு, மீண்டும் வீக்கம் என மருந்தே நோயாகிவிடும். ஆவி பிடித்தல் சிறிது இதமளிப்பதே. வாயிலைத் திறப்பதாக உறுதியில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் விபத்துகள் நேர்வதால் அவர்களுக்கு இதனைச் செய்தல் கூடாது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் இரு நோய்க்கும் ஏற்றது. ஹட யோக நூல்கள் நேதி எனக் கூறிய வழக்கத்தை ஒட்டிய முறை இது. இன்றைய மருத்துவமும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் குழாய்நீரை அப்படியே பயன்படுத்தலாகாது. நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரைப் போக்கும். இது மிக அரிதாயினும் நேர்ந்துள்ளது. நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்நிலையிலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய குறிகள் சில உண்டு. கண்ணிமை சிவந்து வீங்குதல், கண் முன்னே பிதுங்குதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல் அல்லது பார்வை மங்குதல், கழுத்து விறைத்தல், தாங்கொணாத் தலைவலியோடு அறிவு மயங்குதல் ஆகியவை நோய் எலும்பைத் தாண்டிவிட்டதன் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகள் தனிக்கவனம் கொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டில், கோவிட் நோயுற்றோரிடையே கருப்புப் பூஞ்சை நம் நாட்டில் பல்லாயிரம் பேரைத் தாக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் சர்க்கரை நோயுடையவர். கோவிட்டுக்காக ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்களும் பலர். அந்நோய் தொடங்கியதும் மூக்கிலும் சைனஸ்களிலுமே. ஒரு பக்க முகவலியும், கன்னத்தில் மரத்துப்போதலும், மூக்கிலிருந்து கருநிறமான அல்லது இரத்தம் கலந்த கசிவும், அண்ணத்தில் கருமையும் சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் காணப்பட்டால், அன்றைய தினமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது.